தெளிந்துபோன சோதனைக்குழாய்

பட்டாபிராமில் எங்கள் அடுத்த வீட்டுப் பெண்குழந்தைக்கு அப்போது ஆறு வயது. பிரியாணி, பஜ்ஜி என்று எதைத் தின்றாலும் மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடும். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து வைத்தால் மேலே பால் மாதிரி வெள்ளையாகத் தேங்கியது. அத்தனையும் கொழுப்பு.

நான் கொழுப்பை உடைக்கும் என்சைம்களை ஆராயும் லேபில் இருந்தேன். மனித ஜீனை வேறொரு செல்லில் ஒட்டி, அங்கே என்சைமை வளர்த்தெடுப்பது தொண்ணூறுகளில் எங்களுக்குப் புதுசு. அந்த என்சைம் இருந்த குப்பிக்கு நான் காட்டிய மரியாதையை என் மாமியாருக்குக் காட்டியதில்லை. என் வேலை தெரிந்த ஆஸ்பத்திரி டாக்டர், குழந்தையின் ரத்தத்தைச் சோதித்துச் சொல்லச் சொன்னார்.

குழந்தையிடம் அந்த என்சைமே இல்லையா, அல்லது அதைத் தூண்டிவிடும் துணைப் புரதம் இல்லையா என்பதுதான் கேள்வி. துணை இல்லையென்றால், வலி வரும்போது இன்னொருவர் பிளாஸ்மாவை ஏற்றிச் சமாளிக்கலாம். என்சைமே இல்லையென்றால் அன்றைக்கு மருந்து கிடையாது. ஆயுசுக்கும் எண்ணெய், நெய் ஆகாது. குழந்தையின் பிளாஸ்மாவில் எங்கள் என்சைமை விட்டால் தெரிந்துவிடும். துணை இல்லாமல் அது வேலை செய்யாது; அதனால் வெள்ளை அப்படியே நின்றால் நல்ல சேதி.

அம்மாக்காரி வீட்டில் இருக்க மாட்டேன் என்று என்னோடு ரயிலேறி வந்துவிட்டாள். லேபில் என்சைமை விட்டதும் குழாய் கண்ணெதிரே தெளியத் தொடங்கியது.

"பாத்தியாக்கா, தெளிஞ்சிகினு வருது. பாப்பாக்கு சரியாய்டும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தெளிந்தால் துணை இருக்கிறது, என்சைம்தான் இல்லை என்று மெல்லச் சொன்னேன்.

"அப்போ இத்தயே ஊசில ஏத்தேன்க்கா."

"இது சோதிச்சுப் பார்க்கச் செஞ்சதும்மா. உடம்புல போட முடியாது."

வேலையை ஒழுங்காகச் செய்ததற்காக ஒரு என்சைமை நான் மனசுக்குள் திட்டியது அன்றைக்குத்தான். திரும்பும் ரயில் ஆவடியைத் தாண்டியது. அப்புறம், "இனிமே நானும் அவரும்கூட எண்ணெ தொட மாட்டோம்" என்றாள்.

தீபாவளி வந்தது. தெருவெல்லாம் பலகாரம் சுடும் வாசனை. நான் தேங்காய்கூடப் போடாமல் வெல்லக் கொழுக்கட்டை அவித்து அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போனேன். குழந்தை தட்டை எட்டிப் பார்த்தது.

"ஒங்க ஊட்லயும் எண்ணெ தீந்துட்ச்சா ஆன்ட்டி?"

பின்னால் நின்ற அம்மாக்காரி என்னையே பார்த்தாள்.

"ஆமாண்டி கண்ணு, தீர்ந்துபோச்சு" என்றேன்.