டாக்டர் மாமாவிடம் எடுபடாத இரவல் நெஞ்சு

சேதி எனக்கு மூன்று மொழிகளில் வந்தது. பங்காருபேட்டை ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தேன். டீக்கடைக்காரர் கன்னடத்தில் சொன்னார். போர்ட்டர் தெலுங்கில் சொன்னார். கடைசியில் அக்கா போனில் தமிழில் சொல்லி அழுதாள். மூன்றையும் நான் நம்பவில்லை. தங்கவயலில் பொன் பிரித்த கழிவு மண் மலையாய்க் குவிந்த சயனைட் மேடு எழுந்து நடந்து பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டது என்றிருந்தால் நம்பியிருப்பேன். டாக்டர் ஏகாம்பரம் மாமா காலமாவதாவது!

அக்காவின் கணவர். தங்கவயலின் ஊரிகம் பகுதியில் அவர் ஸ்டெதாஸ்கோப் படாத நெஞ்சு கிடையாது. தங்கச் சுரங்கத்தில் பூமிக்கடியில் கடைசி லெவலில் இருமுகிறவர் சத்தம் மேலே இவருக்குக் கேட்கும் என்று நான் அளப்பேன், அவர் மறுத்ததில்லை. சுரங்கம் ஓடிய காலத்தில், நெஞ்சில் தூசு அடைத்தவர்கள் வேலை போய்விடுமே என்று பயந்து, நல்ல நெஞ்சுக்காரரின் எக்ஸ்ரேயை இரவல் வாங்கி வந்து நீட்டுவார்கள். மாமா அதை வெளிச்சத்தில் பிடிப்பார்.

"இன்னாப்பா, முனுசாமி நெஞ்ச எடுத்துனு வந்துகிற? உன்னுது எங்க?"

முகம் மறந்தாலும் விலா எலும்பு மறக்காத மனிதர்.

பிற்காலத்தில் மருத்துவத்தையும் மரணத்தையும் பற்றித் தம் அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார். 'சாகப்போகிறவரிடம் பொய் சொல்லாதீர்கள். மிச்ச நாட்கள் அவருடைய சொத்து' என்பது அதில் ஊரே மெச்சிய வரி. வெளியீட்டு விழாவில் நான் புகழ்ந்த புகழ்ச்சியில் இமயமலை இரண்டடி குனிந்தது.

சென்ற ஆண்டு அவருடைய நுரையீரலிலேயே கட்டி வந்தது. அந்தப் புத்தகத்தை முதலில் படித்த அக்காவே, "அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று எங்கள் வாயைக் கட்டினாள். முனுசாமியின் எக்ஸ்ரேயை வாங்கி வந்து, மாமாவுடையது என்று அவர் கையில் கொடுத்தாள். மாமா ஜன்னலோரம் பிடித்துப் பார்த்து, "சுத்தமா கீது" என்று சிரித்தார். அவள் காபி போட உள்ளே போனதும் என் பக்கம் திரும்பினார்.

"மச்சான், இந்த விலாவ ஒட்ட வச்சவனே நான்தான். என் நெஞ்சுல இன்னா கீது, சொல்லு."

"என்னையா கேக்கறீங்க மாமா? ஊர்லயே பெரிய புளுகன் நான்!"

"அதான் கேக்கறேன். நல்லவங்க பொய் சொன்னா எனுக்குப் புரியறதில்ல. உன் பொய் எனுக்கு அத்துப்படி."

சொன்னேன். வாழ்நாளில் முதன்முறையாக, உள்ளதை உள்ள அளவில் சொன்னேன். மாமா தலையாட்டினார்.

"எனுக்குத் தெரியும்னு உங்கக்காகிட்ட சொல்லிடாத. பாவம், எவ்ளோ பாடுபட்டு ஏற்பாடு பண்ணிகிறா."

மறுநாளிலிருந்து தம் நோயாளிகளை ஒவ்வொருவராக வேறு டாக்டரிடம் கூட்டிப்போய் ஒப்படைத்தார். ஊருக்கெல்லாம் உண்மையை எழுதிய மகான், வீட்டில் மட்டும் கடைசிவரை "வெறும் சளிம்மா" என்றார்.

காரியம் முடிந்த அன்று அக்கா கேட்டாள். "அவருக்குத் தெரியுமாடா?"

மாமாவின் கட்டளை ஒரு பக்கம் இழுத்தது. மாமாவின் புத்தகம் மறுபக்கம் இழுத்தது. புத்தகம் ஜெயித்தது.

"தெரியும்க்கா. படத்தப் பாத்த அன்னிக்கே."

உடைந்துபோவாள் என்று பயந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பின்ன? எங்க வூட்டுக்காரர இன்னானு நெனச்ச? ஊர் நெஞ்சு மொத்தமும் படிச்சவரு!"

போய் வாருங்கள், மாமா. அங்கே எமனே சட்டையைக் கழற்றிவிட்டு உங்கள் முன் நிற்பான். மூச்சை நன்றாக இழுத்து விடச் சொல்லுங்கள்.