முருகன் முன் செய்த சத்தியமும் பில்டிங் ஷேரும்

அந்தப் பணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது. பணத்தைக் குறை சொல்லி என்ன செய்ய, வாங்கின கை என்னுடையது.

மலாக்காவில் ஜாசின் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் எஸ்டேட்டை வீடு கட்டி விற்கிறவர்களுக்கு விற்றுவிட்டார்கள். மரம் சீவினவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு தொகையைக் கொடுத்து, குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். டுரியான் துங்காலில் ஒரு சின்ன வாடகை வீடு பார்த்தேன். செங் என்ற இடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கையில் வந்த தொகையைத் தொடத்தான் பயமாக இருந்தது.

பயத்துக்குக் காரணம் உண்டு. எஸ்டேட்டில் இருந்த காலத்தில் நான் நாலு நம்பர் லாட்டரிப் பைத்தியம். மோதின காரின் நம்பர், கனவில் வந்த நம்பர், செத்தவர் வீட்டுக் கதவு நம்பர் என்று எதையும் விடமாட்டேன். என் மனைவியின் சங்கிலி அப்படித்தான் போனது. அது போன மறுநாள் முருகன் சந்நிதியில் சூடத்தைக் கையால் அணைத்து, இனி நம்பர்க் காசு என் கையில் படாது என்று சத்தியம் செய்தேன். அதிலிருந்து அந்த மாதிரிக் கடை இருக்கிற வரிசையில்கூட நடந்ததில்லை. என்னிடம் மிச்சமிருந்த மரியாதை அந்தச் சத்தியம் ஒன்றுதான்.

எங்கள் எஸ்டேட் ஆபீஸில் சம்பளப் புத்தகம் எழுதிய கிராணியார் ஓய்வு பெற்று, டவுன் கோயிலில் செயலாளராக இருந்தார். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் என்னை மண்டபத்துக்குக் கூப்பிட்டார்.

"காச பேங்க்ல போட்டு என்னா செய்யப் போற? பில்டிங் ஷேர் வாங்கு லா. ஒரு கம்பெனிக்காரன் நாலு பேரு காச ஒண்ணா சேத்து பெரிய பெரிய பில்டிங்கா வாங்கி வச்சிருக்கான். வாடகை வருது. ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி ஒன் வீட்டுக்கு டிவிடெண்டு செக்கு வரும். நீயும் மொதலாளிதான்."

"சூதாட்டம் மாதிரி ஏதும் இல்லியே ஐயா?"

"சீ! கல்லு, சிமிண்டு லா. அதுல பாவம் எங்கேருந்து வரும்?"

நெற்றியில் பட்டை பட்டையாய் விபூதி வைத்துக்கொண்டு சொன்னார். நம்பினேன். தெரிந்த புரோக்கர் மூலம் அவரே வாங்கிக் கொடுத்தார். சொன்னபடி செக்கும் வந்தது. ஒவ்வொரு செக்கையும் ஒரு நாள் முருகன் படத்தடியில் வைத்துக் கும்பிட்டு, பிறகுதான் பேங்குக்குக் கொண்டுபோவேன். அதில் முதல் செலவு கோயில் விளக்குக்கு எண்ணெய். இரண்டு மூன்று ஆண்டுகள் இப்படி ஓடின.

ஒரு ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலையில் என் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, எவனோ மெசினுக்கெல்லாம் பொட்டு வச்சிட்டு வர்றீங்க. நம்ம பில்டிங்குக்கு ஒரு தேங்கா ஒடைச்சோமா?"

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. சைக்கிள் வாங்கினாலே சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிற ஜனம் நாங்கள். வருஷா வருஷம் ஷேர் கம்பெனி தபாலில் அனுப்பும் புத்தகத்தில் மலாக்கா டவுனில் ஒரு கட்டடம் இருப்பதாகப் போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் குளித்து, தேங்காய், எலுமிச்சம்பழம், சூடம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினோம்.

வாசலில் ஜாகா வேலை பார்த்தவன் தமிழ்ப் பையன். காவல்காரனை ஜாகா என்றுதான் சொல்வோம்.

"எங்கண்ணே போறீங்க, பையும் தேங்காயுமா?"

"எங்க பில்டிங்கு தம்பி. ஷேர் வச்சிருக்கோம். பூஜை போட வந்தோம்."

அவன் எங்களை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மொதலாளி! நல்ல நேரத்துல வந்தீங்க. லிப்டு கெட்டு மூணு மாசமாச்சு, செஞ்சு குடுத்துட்டுப் போங்க."

நான் அவனைக் கவனிக்கவில்லை. கீழ்த்தளத்தில் கடைக்கு வெளியே வரை வரிசை நின்றது. கையில் துண்டுச் சீட்டு, காதில் பேனா. ஒருவன் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே வந்தான். அந்தக் காலத்தில் நானும் அப்படித்தான் ஒற்றுவேன். அது நாலு நம்பர்க் கடை.

"மேல முக்காவாசி காலிண்ணே," என்றான் ஜாகா. "இந்தக் கடையும் மாடியில பீர் கடையும்தான் ஒழுங்கா வாடகை கட்டுறான்."

மாடிப்படியிலிருந்து மூத்திரமும் புளித்த பீரும் சேர்ந்து ஒரு நாற்றம் இறங்கியது. எனக்கு வாயில் எச்சில் ஊறி, பக்கத்துச் சாக்கடையில் துப்பினேன். அந்தக் காசில்தான் சாமிக்கு எண்ணெய் ஊற்றியிருக்கிறேன்.

பஸ்ஸில் வரும்போது மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "விடுங்க. என் சங்கிலிதான் கொஞ்சம் கொஞ்சமா திரும்பி வருதுன்னு நெனச்சுக்குவோம்." அவள் சிரித்தாளா அழுதாளா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

அங்கே நம்பர்க் கடை இருப்பது முன்பே தெரியுமா என்று மறுவாரம் கிராணியாரைக் கேட்டேன். பிரசாத வடையைத் தின்றுகொண்டே பதில் சொன்னார். உதடெல்லாம் எண்ணெய்.

"தெரியாம என்னா? நீயா நம்பர் எடுக்குற? வாடகை லா அது. இந்தக் கோயில் கூரை யாரு காசு? மொதல் பரிசு அடிச்சவன் குடுத்தான். சாமி வேணாம்னுச்சா?"

"நான் சத்தியம் பண்ணியிருக்கேன் ஐயா. வித்துக் குடுத்திருங்க."

"விக்கலாம். அடுத்த டிவிடெண்டு வரட்டும். அதுக்கு முன்னால விக்கிறவன் மடையன்."

நான் சரி என்று தலையாட்டினேன். கட்டடத்து நாற்றத்தைவிட எனக்கு அருவருப்பானது அந்தத் தலையாட்டல்தான். அதுவரை தெரியாமல் வாங்கினேன். அதற்குப் பிறகு தெரிந்தே வாங்கினேன். வந்த செக்கைப் படத்தடியில் வைக்கக் கை வரவில்லை. மிளகாய் டப்பாவுக்கு அடியில் சொருகினேன். எண்ணெய் வாங்கவில்லை, மகள் காலுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கினேன். பிறகு, இன்னும் ஒன்று வரட்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதற்குக் கிராணியார் தேவைப்படவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் நாட்டுப் பணமான ரிங்கிட்டின் மதிப்பு விழுந்தது. ஷேர் விலையும் வாரத்துக்கு வாரம் சரிந்தது. போட்டதில் பாதிகூட மிஞ்சாது என்று தெரிந்த பிறகுதான் புரோக்கரிடம் ஓடிப்போய் விற்றேன்.

வீட்டில் மனைவி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"வித்தது முருகனுக்காகவா, வெலை போச்சேன்னா?"

முருகனுக்காக என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் வைத்தேன்.

"வெலை போனதாலதான்," என்றேன்.

"அப்ப அதையே கோயில்ல போயி சொல்லுங்க. அங்கயும் பொய் சொல்லிட்டு வராதீங்க."

வெள்ளிக்கிழமை போனேன். தீபாராதனை முடிந்ததும், தெரியாமல் வாங்கினதையும் தெரிந்தே வாங்கினதையும் விலை விழுந்த பிறகு விற்றதையும் வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன்.

வெளியே கிராணியார் பிரசாதப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் நடக்காத மாதிரி என்னிடமும் நீட்டினார். "வெலை ஏறும் லா, அவசரப்பட்டுட்ட," என்றார்.

நான் கையை நீட்டவில்லை. சப்பாத்தை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.