அத்தை அந்தப் பட்டியலில் இல்லை

போன வருஷம் ஆடி மாதம், ஒருநாள் காலை. கொல்கத்தாவில் ஒரு லாட்ஜில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அம்மாவின் போன் வந்தது.

“அத்த போய்ட்டாங்கடி.”

விடியற்காலையில் நெஞ்சு வலி. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் வாயில் நுரையோடு நின்றேன். அம்மாவுக்கு அழக்கூட நேரமில்லை. “நாளைக்கு நாள் சரியில்லையாம். பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடணும்னு அவங்க வூட்டுல ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. நீ வந்துருவ இல்ல? கோடி போட வேற யாரு கீறாங்க?”

எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து கோடி என்ற புதுப் புடவை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதற்குப் பிறகுதான் பாடையைத் தூக்குவார்கள். அத்தையோடு பிறந்தவர் என் அப்பா ஒருவர்தான். நான் எட்டாவது படிக்கும்போதே அவர் போய்விட்டார். ஆக, அத்தையின் பிறந்த வீடு என்றால் மிச்சமிருப்பது நான்தான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கும் லைனில் முதுகு ஒடிய உட்கார்ந்து என்னை இன்ஜினீயரிங் படிக்க வைத்தவர் அத்தை. சொந்தமாகக் குழந்தை இல்லை. இருந்திருந்தாலும் எனக்குக் கம்மியாகச் செய்திருக்க மாட்டார்.

நானும் அதே ஊரில் வேறொரு ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசர். தோல் சாம்பிள் பார்க்கக் கொல்கத்தா, கான்பூர் என்று மாதம் ஒருமுறையாவது பறப்பேன். இலவச டிக்கெட்டுக்கான விமான மைல் சேர்ப்பதில் எனக்கு அப்படி ஒரு வெறி. எந்த கார்டில் தேய்த்தால் டபுள் பாயிண்ட், எந்த ஆப் வழியாக பிரியாணி வாங்கினால் போனஸ் என்று லஞ்ச் டேபிளில் வகுப்பே எடுப்பேன். அத்தையிடமும் அளந்து விட்டிருக்கிறேன். அவர் அசரவே மாட்டார். “உன் மைல வச்சி பக்கத்துல கீற மாதனூர் வரைக்குமாச்சும் ஷேர் ஆட்டோல போவ முடியுமாடி?” என்பார்.

அன்று ஆப்பைத் திறந்தேன். சென்னைக்கு அடுத்த விமானத்தில் இடம் இருந்தது. என்னிடம் போதுமான மைலும் இருந்தது. ஆனால் மைலில் வாங்கும் பட்டன் மட்டும் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. காசு கொடுத்து வாங்கலாம் என்றால் கடைசி நேர விலை என் சம்பளத்தைத் தாண்டி நின்றது. பெட்டியை இழுத்துக்கொண்டு டாக்சியில் ஏறி, கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். தமிழுக்கு எண்ணை அழுத்தினேன். பாட்டு. நடுவில் ஒரு தேன் குரல்: “நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் அல்ல, எங்கள் குடும்பத்தில் ஒருவர்.” மறுபடியும் பாட்டு. விமான நிலையம் வந்து இறங்கும்வரை நான் அவர்கள் குடும்பத்தில் ஒருத்தியாகவே காத்திருந்தேன்.

கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். என் வயதுதான் இருக்கும். விஷயத்தைச் சொன்னேன்.

“சாரி மேடம். மைல்ஸ் டிக்கெட் ஒரு நாள் முன்னாடியே போட்டிருக்கணும்.”

“அவங்க ஒரு நாள் முன்னாடி சொல்லிட்டு சாவலையேம்மா.”

மறுபடியும் ஒரு சாரி சொன்னாள். பிறகு, துக்கம் என்றால் விதிவிலக்கு உண்டு, ஆனால் நெருங்கிய உறவுக்கு மட்டும்தான் என்றாள். “அவங்க உங்களுக்கு என்ன உறவு மேடம்?”

“அத்தை. அப்பா கூடப் பொறந்தவங்க.”

கீபோர்டு தட்டும் சத்தம். “அம்மா, அப்பா, கணவர், பிள்ளைங்க, கூடப்பிறந்தவங்க, இவ்வளவுதான் மேடம் லிஸ்ட்ல இருக்கு. அத்தை வந்து… தூரத்து உறவுல வருது.”

தூரத்து உறவு! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வருஷக்கணக்கில் என் பயணம், என் பிரியாணி, என் பிறந்த நாள் எல்லாவற்றையும் தெரிந்து வைத்துக்கொண்டு வாழ்த்து அனுப்பிய கூட்டம் இது. பத்து மெயிலுக்கு ஒன்றிலாவது ‘குடும்பம்’ என்று எழுதுவார்கள். என்னை வளர்த்தவள் செத்துக் கிடக்கும்போது மட்டும் குடும்பம் என்றால் யார் யார் என்று எனக்கே பாடம் எடுக்கிறார்கள். கத்தினேன். பக்கத்தில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “மேடம், அம்மான்னு சொன்னீங்கன்னா இப்பவே போட்டுடலாம். இப்ப கால் ரெக்கார்டிங்க நிறுத்தி வச்சிருக்கேன். திரும்பப் போட்டுட்டு மறுபடியும் கேக்கறேன். நீங்கதான் உங்க வாயால சொல்லணும்.”

அவள் நல்லதுதான் செய்தாள். எனக்குத்தான் மனசு வரவில்லை. அம்மா உயிரோடு அத்தையின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குச் சளி பிடித்தாலே கோயிலுக்குக் காசு முடிந்து வைக்கிற பிள்ளை நான்.

“இறந்தவங்க உங்களுக்கு என்ன உறவு மேடம்?”

“அம்மா” என்றேன். “எங்க அம்மா செத்துட்டாங்க.”

டிக்கெட் வந்தது. விமானத்தில் பணிப்பெண் என் அருகில் குனிந்து, “தங்களைப் போன்ற உறுப்பினர்…” என்று சிரித்தபடி தண்ணீர் கொடுத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மடியில் முந்தின நாள் சாயங்காலம் அத்தைக்காக வாங்கிய புடவை. “ஜாஸ்தி வெல போட்டு வாங்காத. வேர்வைக்கு ஒத்துக்கிறாப்ல பருத்தியா பாரு” என்று போனில் சொல்லியிருந்தார். சிவப்புக் கரை போட்ட பருத்திப் புடவை. அதுவே கோடியாகும் என்று யார் நினைத்தார்கள்?

சென்னையிலிருந்து கார். காவேரிப்பாக்கம் ஏரி தாண்டும்போது அம்மா போனில், “வந்துனே இரு, நான் புடிச்சி வச்சினு கீறேன்” என்றார். எதைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று ஆம்பூர் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. வாசலில் பாடை தயார். தூக்குகிறவர்கள் தோளில் துண்டு போட்டு நிற்கிறார்கள். அத்தையின் கணவர் ஓரமாக அழுதுகொண்டிருக்க, அவருடைய அண்ணன் திமிரியிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்து நிறுத்தியிருந்தார். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட பங்காளியாம். நான் பார்த்ததே இல்லை. அவர் கையில் ஒரு பாலியஸ்டர் புடவை. விலை ஸ்டிக்கரைக்கூட யாரும் கிழிக்கவில்லை. அம்மா அந்தப் புடவையின் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றார்.

நான் என் புடவையோடு முன்னால் போனேன்.

“நில்லும்மா” என்றார் அந்த அண்ணன். “பொட்டப்புள்ள கோடி போட்டா யாரு ஒத்துப்பாங்க? நாளைக்கி இன்னொரு வூட்டுக்கு போற பொண்ணு. நீ அவளுக்கு இன்னா அண்ணன் தம்பி முறையா?”

காலையிலிருந்து இரண்டாவது முறை. என்ன உறவு, என்ன முறை, எந்த லிஸ்ட். அங்கே பொய் சொல்லிவிட்டேன். இங்கே சொல்ல என்னிடம் பொய்யும் இல்லை.

“நான்தான் பெரிய மாமா அவங்க பொறந்த வூடு” என்றேன். “வேற யாரும் இல்ல.”

அவர் என்னைத் தாண்டிப் பங்காளியைப் பார்த்துக் கண் காட்டினார். அப்போதுதான் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அத்தையோடு லைனில் வேலை பார்த்தவர்கள், கம்பெனி வேனில் நீலக் கோட்டோடும் கழுத்து டேகோடும் அப்படியே வந்திருந்தார்கள். அதில் ஒரு அக்கா முன்னால் வந்து பங்காளியிடம் கேட்டார்: “ஏன் சார், செத்துப்போனவ இன்னா வேல செஞ்சானு தெரியுமா உனுக்கு?”

அவர் தலையைச் சொறிந்தார். “ஏதோ செருப்புக் கம்பெனின்னாங்க…”

“செருப்பு இல்லய்யா, ஷூ!” என்று நாலைந்து பேர் ஒன்றாகக் கத்தினார்கள். சாவு வீட்டில் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அக்கா சிரிக்கவில்லை. பாடைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். “அவ ஓவர்டைம் பாத்து வளத்த புள்ள இது. இது கோடி போடட்டும், நாங்க எழுந்துக்கிறோம். லீவு சொல்ட்டு தான் வந்துக்கிறோம். எங்களுக்கு அவசரமே இல்ல.”

அவசரம் முழுக்க அந்த அண்ணனுக்குத்தான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நாள் சரியில்லாத நாளை வேறு வந்துகொண்டிருந்தது. மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். வானத்தைப் பார்த்தார் அண்ணன், தரையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். “பேஜார் புடிச்ச கூட்டம். இன்னாவோ பண்ணித் தொலைங்க” என்று ஒதுங்கினார்.

நான் போர்த்தினேன். கழுத்து வரை இழுத்துவிட்டேன். பருத்திதான் அத்தை, வேர்க்காது.

எல்லாம் முடிந்து குளித்துவிட்டு வந்த பிறகு, அம்மாவிடம் டிக்கெட் கதையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். “என்ன சாவடிச்சாச்சும் வந்து சேந்தியே” என்றார். அதற்குப் பிறகுதான் இருவரும் உட்கார்ந்து அழுதோம்.

கதை இதோடு முடியவில்லை. அடுத்த வாரம் ஒரு மெயில்: ‘தங்கள் தாயாரின் மறைவுக்கு எங்கள் குடும்பத்தின் ஆழ்ந்த இரங்கல். இறப்புச் சான்றிதழை இணைக்கவும்.’ அத்தையின் சான்றிதழை அனுப்பினேன். அத்தைதான், அம்மா அல்ல, பொய் என்னுடையது என்று எழுதினேன். அந்தப் பெண்ணின் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது என்பதால் அவளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. தவறான தகவல் தந்ததாகச் சொல்லி மிச்சமிருந்த மைல் அத்தனையையும் துடைத்து எடுத்துவிட்டார்கள். போகட்டும். ஆப்பை அன்றே அழித்துவிட்டேன்.

அந்த அண்ணனை இப்போதும் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறேன். “இன்னாம்மா சௌக்கியமா?” என்று ஒன்றுமே நடக்காததுபோல் கேட்பார். தலையை மட்டும் ஆட்டுவேன். காலம் போனால் கோபம் ஆறிவிடும் என்கிறார்கள் தோழிகள். அத்தைக்கும் எனக்கும் என்ன உறவு என்று எங்களைத் தவிர மற்ற எல்லோரும் முடிவு செய்யப் பார்த்த அந்த ஒரு நாள் மட்டும் எனக்கு ஆறாமலே இருக்கட்டும்.