மூணாம் நம்பர் பிரஸ்ஸின் தாளம்

சேரப்பணஞ்சேரி டில்லிபாபு கீபோர்டில் விரல் வைத்தால் செம்பரம்பாக்கம் ஏரியில் அலை எழும். அவனே சொன்னதுதான். பத்தொன்பது வயதில் ஆடித் திருவிழாக்களில் வாசித்தான். அப்புறம் கல்யாணங்களுக்கு டிஜே. அவன் வைத்த அதிர்வில் வாலாஜாபாத் மாப்பிள்ளை ஒருவருக்குக் கட்டுப்பல் கழன்று பாயசத்தில் விழுந்தது. ஒரகடம் உதிரிபாகக் கம்பெனிக்கு வேலைக்குப் போனதும் மிஷின் சத்தத்தை லேப்டாப்பில் வெட்டி ஒட்டிப் பாட்டாக்கினான். இப்படிப் பாணி மாறும்போதெல்லாம் ரசிகர்கள் விட்டு ஓடினார்கள். மிச்சம் நாலு பேர்.

உள்ளே படம் எடுக்கக் கூடாதென்று கம்பெனி கேட்டில் போன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். மைக்கை யாரும் கண்டுகொள்வதில்லை. சட்டைப்பையில் போனை வைத்தே, தகடு அடிக்கும் மூணாம் நம்பர் பிரஸ்ஸின் சத்தத்தைப் பதிவுசெய்தான். அந்தப் பாட்டு அவன் போனிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஒலிக்க, சூப்பர்வைசர் எழிலரசி காதைத் தீட்டினாள்.

"நம்ம லைன் சத்தம் மாரியே கீது?"

ஆறு வருஷக் கான்ட்ராக்டுக்குப் பிறகு பர்மனென்ட் ஆர்டர் வரவிருந்த வாரம் அது. கம்பெனிக்குள் ரெக்கார்டிங் செய்தது தெரிந்தால் வேலையே போய்விடும். யார் போட்டுக்கொடுப்பார்களோ என்று டில்லிபாபு எல்லாரையும் சந்தேகப்பட்டான். கேன்டீன் சாம்பாரில் முருங்கைக்காய் குறைந்தால்கூட சதிதான். கேட்டில் ஸ்டிக்கர் ஒட்டும் திருநெல்வேலிக்காரர் நம்பிராஜன் மேல்தான் அதிக சந்தேகம். மனிதர் சிரிக்காமல் போனையே பார்ப்பார்.

வெள்ளிக்கிழமை, எழிலரசி சொன்னதைக் கேட்டு மேனேஜர் அவனைப் பிரஸ் பக்கத்தில் நிறுத்தி, பாட்டைப் போட்டார். மிஷின் ஒவ்வொரு நாலாவது அடியிலும் கொஞ்சம் தயங்கியது. பாட்டில் அந்தத் தயக்கம் இல்லை. தாளம் தப்பு என்று நினைத்து டில்லிபாபு இரண்டு நாள் உட்கார்ந்து அதைச் சரிசெய்திருந்தான்.

மூன்று தரம் கேட்ட மேனேஜர் எழிலரசியிடம், "இது நம்ம மிஷின் இல்லம்மா. இது ஒழுங்கா அடிக்குது," என்றார். உடனே ஃபிட்டரையும் கூப்பிட்டு, நம் மிஷின் ஏன் தயங்குகிறது என்று பார்க்கச் சொன்னார்.

அது என் கைவண்ணம் என்று கத்தத் தோன்றியது டில்லிபாபுவுக்கு. எச்சிலோடு சேர்த்து விழுங்கினான். மாலையில் ஆர்டர் கைக்கு வந்தது.

திங்கட்கிழமை கேட்டில் நம்பிராஜன் கேமராவுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். பிறகு நிதானமாக, மைக் ஓட்டைக்கு இன்னொன்று.

"அந்தத் தயக்கத்த ஏம்டே எடுத்த? அதுலதான பாட்டே கெடந்துச்சு," என்றார், தலை நிமிராமல். "இப்ப மிஷினயும் சரியாக்கிட்டானுவ."

டில்லிபாபுவின் காது வேறெங்கோ இருந்தது. தாளிலிருந்து ஸ்டிக்கர் உரியும்போது ஒரு சத்தம் வந்ததே.

"அண்ணாத்த," என்றான், "இன்னொரு தபா உரிங்க."