பென்யமீன் என்பது அப்பாவின் பெயர்

“செத்தவன் பேருக்கு அர்த்தம் தேடி இன்னாம்மா பண்ணப் போற? நாலெழுத்து படிச்சிட்டா எல்லாத்தையும் நோண்டணுமா?”

அப்பாவின் காரியத்தன்று பெரிய அத்தை என்னிடம் கேட்டது இது. இன்று முதலாண்டு நினைவு நாள். அத்தையின் கையிலும் நாங்கள் அச்சிட்ட இந்த நினைவு மலர் இருக்கும். பேரனை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், அத்தை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். நோண்டத்தான் போகிறேன்.

அப்பா பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெசவுக் குடும்பத்தில் பிறந்தார். பிரசவத்திலேயே தாய் இறந்துவிட்டார். அப்பாவைப் பெற்ற தாத்தா பிள்ளையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லை. பெயரில்லாமல் கிடந்த குழந்தைக்கு அங்கிருந்த கிறிஸ்தவ நர்ஸ் ஒருவர் பென்யமீன் என்று பெயர் சொன்னார். பிறப்புப் பதிவில் அதுவே ஏறியது. நாங்கள் சைவர்கள். வேதக்காரர் பெயர் என்று வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. தெரு தானாக ஒரு பெயர் வைத்துக்கொண்டது: “தாயைத் தின்னவன்.”

அப்படி அழைத்தவர்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

முகூர்த்தப் புடவைக்குத் தறியில் பாவு என்னும் நீள இழைகளை ஏற்றும் நாளில் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, ராசியான கை ஒன்றுதான் குறுக்கு இழையோடு முதல் நாடாவை ஓட்டவேண்டும் என்பது நம் வழக்கம். அந்த நேரத்தில் அப்பாவைத் தெருவில் நிற்கச் சொல்வார்கள். கற்பூரம் அணைந்த பிறகு உள்ளே கூப்பிடுவார்கள். யாரோ ஒருவர் ஓட்டிய அந்த ஒற்றை இழைக்குப் பிறகு, கரையும் உடலும் முந்தியுமாகப் புடவை முழுவதையும் நெய்தவர் அப்பா. உங்கள் வீட்டுப் பெண்கள் அந்தப் புடவைகளைக் கட்டிக்கொண்டுதான் மணையில் உட்கார்ந்தார்கள். முதல் இழைக்கு ஆகாத கை மற்ற இழைகளுக்கு மட்டும் எப்படி ஆயிற்று?

இளவயதில் அப்பா தன் பெயருக்குப் பொருள் தேடியிருக்கிறார். சாயப்பட்டறையில் வேலை செய்த கிறிஸ்தவர் ஒருவர், “வேதத்துல அந்தப் பேருக்காரன் பொறக்க சொல்லோ அவங்கம்மா செத்துடுச்சுபா” என்றாராம். அப்பா அதற்கு மேல் கேட்காமல் எழுந்து வந்துவிட்டார். தெரு சொன்ன வசையையே நர்சும் வேறு மொழியில் எழுதிவைத்துவிட்டார் என்று நம்பினார். அதன்பின் யார் பெயர் கேட்டாலும், “தறிக்காரன்னு போட்டுக்கோங்க” என்பார்.

கல்லூரி நூலகத்தில் ஆதியாகமத்தை எடுத்து நானே படித்தேன். பெத்லெகேமுக்குப் போகும் வழியில் ராகேலுக்குப் பிரசவ வலி வருகிறது. உயிர் பிரியும் நேரத்தில் பிள்ளைக்குப் பெனொனி என்று பெயரிடுகிறாள். எபிரெய மொழியில் ‘என் துயரத்தின் மகன்’ என்று அதற்குப் பொருள். பிள்ளையின் தகப்பன் யாக்கோபு அந்தப் பெயரை ஏற்கவில்லை. பென்யமீன் என்று மாற்றுகிறார். பென் என்றால் மகன். யாமீன் என்றால் வலக்கை. தெற்குத் திசைக்கும் அதே சொல் என்பதால் தென்திசையின் மகன் என்று சொல்வோரும் உண்டு. எப்படிக் கொண்டாலும் அந்தப் பெயரில் வசை இல்லை. தாயை இழந்த பிள்ளையின் மேல் துயரம் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று வைத்த பெயர் அது. நர்ஸ் கதையை முழுதாகத் தெரிந்துதான் அந்தப் பெயரை வைத்திருக்கிறார்.

சிறுநீரகம் கெட்டு அப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது இதைச் சொன்னேன்.

“அப்ப அந்த நர்சம்மா என்னைத் திட்டி வைக்கலியா?”

“இல்லப்பா. வலது கைன்னு வச்சிருக்காங்க.”

அப்பா தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். “இதையா? ஊசி குத்திக் குத்திச் சல்லடையாக்கி வச்சிக்கிறானுங்களேம்மா” என்று சிரித்தார். அந்தக் கையாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “அந்தக் கதைல அப்பங்காரன் வந்து புள்ளைய பாத்தானா?”

“கூடவே இருந்தார்பா. அவர்தான் பேர மாத்தினார்.”

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். என் கையை மட்டும் விடவில்லை. அந்த வாரமே போய்விட்டார்.

அலுக்காமல் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்ற பக்கத்துத் தறி அண்ணனுக்கும், முறை வைத்துச் சோறு கொண்டுவந்த அண்ணிக்கும் எங்கள் வணக்கம். முகம் தெரியாத அந்த நர்சம்மாவுக்கு, அப்பா சொல்லாமல் விட்ட நன்றியை நான் சொல்கிறேன்.

அடுத்த மாதம் எனக்குத் திருமணம். பத்திரிகையில் ‘பென்யமீன் மகள்’ என்று அச்சாகிவிட்டது. போன வெள்ளிக்கிழமை என் முகூர்த்தப் புடவைக்கு அப்பாவின் தறியில் பாவு ஏற்றினோம். “தாலி அறுத்தவளா தறியில உக்காருவா? ராசியான கையா ஒருத்தரைக் கூப்புடு” என்று அம்மாவைக் குறித்து அத்தை சொல்லியனுப்பினார். யாரையும் கூப்பிடவில்லை. யாரையும் தெருவில் நிறுத்தவும் இல்லை. அம்மா தறியில் உட்கார்ந்து மிதிகட்டையை மிதித்தார். பக்கத்தில் உட்கார்ந்து முதல் நாடாவை நான் ஓட்டினேன்.

ஒரு முழம் நெய்தாகிவிட்டது.