அனைவரும் மைதானத்துக்கு வரவும்

வெள்ளிக்கிழமை, காலை ஐந்தரை. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு போகும் இரவு பஸ் என்னைப் பாலாவிச் சந்தியில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. சீமெந்து லொறிகள் வரிசையாக நின்றன. சாரதிகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். உப்பளப் பக்கத்திலிருந்து வீசிய காற்றில் உதடு கரித்தது. வீதியின் நடுவே நான்கு கழுதைகள் அசையாமல் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

மறுநாள் கற்பிட்டிக் குடாநாட்டில் ஒரு பாடசாலை மைதானத்தில் கலை விழா. றபான் என்ற கைப்பறை, களிகம்பு ஆட்டம், கஸீதாப் பாட்டு, பட்டப் போட்டி என்று முகநூலில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் வரும் சிறு மாத இதழ் ஒன்றுக்காக ஊர்க் கலைகளைப் பற்றி எழுதுபவன் நான். நோட்டீஸில் ஒரு வரி என்னைப் பிடித்து இழுத்தது: ‘யாழ்ப்பாணத்து றபான் குழு.’ யாழ்ப்பாணத்தில் நான் றபான் கேட்டதே இல்லை. நான் பிறந்தது தொண்ணூறுக்குப் பிறகு. அந்த வருடம் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் தமிழ் ஆயுத இயக்கத்தால் முழுவதுமாக வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் இந்தக் கரையில்தான் வந்து தங்கினார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு ‘சோனகதெரு ஆக்கள் போனாப் பிறகு’ என்ற அரை வசனத்தோடு நின்றுவிடும்.

ஆறரைக்கு நிசாம் நானா ஓட்டோவோடு வந்தார். விழாக் குழுவின் ஆள், ஐம்பது வயது, கற்பிட்டியிலேயே பிறந்து வளர்ந்தவர். இங்கே அண்ணனை நானா, காக்கா என்றும் அக்காவை ராத்தா என்றும் அழைப்பார்கள். ஓட்டோவின் கூரையில் இரண்டு ஒலிபெருக்கிகள் கட்டியிருந்தன.

“தொண்ட போயிட்டுது தம்பி,” என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது. “ரெண்டு நாளா கத்துறன். இண்டைக்கும் ஊர் ஊராப் போகோணும்.”

பாலாவியிலிருந்து கற்பிட்டி நாற்பது கிலோமீற்றர் வரும். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் களப்பு எனும் உப்பங்கழி, நடுவே மணலும் மிளகாய்த் தோட்டமும். வானம் தெளிவாக இருந்தது. ஆனால் சோளகக் காற்று அடித்த அடியில் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. தூரத்தில் காற்றாலைகள் ஒரு சத்தமும் இல்லாமல் சுற்றின. குறிஞ்சிப்பிட்டியில் ஒரு கடையில் பாணும் மீன் ஆணமும் சாப்பிட்டோம். நான் கடைக்காரரோடு கதைத்துக்கொண்டிருந்ததை நானா கேட்டுக்கொண்டே இருந்தார்.

“உங்கட குரல் ரேடியோ மாதிரி இரிக்கி. நீங்க ஒருக்கா வாசிச்சுத் தாங்களே. போன்ல எடுத்து திருப்பித் திருப்பிப் போடலாம்.”

எனக்கும் பிடித்திருந்தது. விழாவில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்த மாதிரி. கடைக்குப் பின்னால், காற்றுப் படாத சுவரோரமாக நின்று, அவர் எழுதித் தந்ததை நிறுத்தி நிதானமாக வாசித்தேன். “நாளை சனிக்கிழமை எமது கலை விழா. பெரியோர், சிறியோர், பெண்கள் அனைவரும் பாடசாலை மைதானத்துக்கு வரவும். பின்னேரம் நாலு மணிக்கு முன்னர் வந்து சேரவும்.”

ஜும்ஆத் தொழுகைக்கு முன்பு பள்ளிவாசல்துறை வரை போய் வந்தோம். என் குரல் கூரையில் முழங்க, வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். பிள்ளைகள் ஓட்டோவுக்குப் பின்னால் ஓடி வந்தார்கள்.

பின்னேரம் இரண்டரை. களப்போரமாக இருந்த ஒரு குடியிருப்புக்குப் போனோம். அதன் பெயரை எழுத வேண்டாம் என்று அங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டார்கள். தொழுகை முடிந்து, சாப்பிட்டுக் கண்ணயரும் நேரம். றபான் குழுவின் தலைவர் ஜாபிர் காக்காவின் வீடு இங்கேதான். முதல் ஒழுங்கையில் என்னை இறக்கிவிட்ட நானா, “நேரா போங்க, நீலக் கேற். நான் ஒரு சுத்துச் சுத்திட்டு வாறன்,” என்று சொல்லிவிட்டு ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டு போனார்.

நான் கிடுகு வேலிகளுக்கு நடுவே நடந்தேன். என் குரலை வெளியே நின்று முதல் தடவையாகக் கேட்டேன். காற்று அதைத் துண்டு துண்டாக வெட்டிக் கொண்டுவந்தது. ‘நாளை’ வரவில்லை. ‘கலை விழா’ வரவில்லை.

“...பெண்கள் அனைவரும்... மைதானத்துக்கு... நாலு மணிக்கு முன்னர்...”

முன்னால் ஒரு முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் கையைக் கொடியிலேயே வைத்தபடி நின்றார். பிறகு வாளியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது. அடுத்த வீட்டில் யாரோ ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், ஒரே ஒரு தரம், மெதுவாக. பிள்ளை ஓடியது. அந்தக் கதவும் சாத்தப்பட்டது. ஒரு வீட்டு வாசலில் ஊஞ்சல் ஆளில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. அடுப்பில் எதுவோ கொதித்து வழியும் சத்தம் கேட்டது. யாரும் வந்து இறக்கவில்லை. தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. நல்ல வெயில். ஒழுங்கையில் என்னைத் தவிர ஒரு உயிர் இல்லை. என் குரல் மட்டும் வேலிக்கு அப்பால் சுற்றி வந்துகொண்டிருந்தது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் நடையை எட்டிப் போட்டேன்.

நீலக் கேற் திறந்திருந்தது. முற்றத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் தொப்பியும் சட்டையும் போட்டு, செருப்பு மாட்டி, கையில் ஒரு துணிப் பையோடு நின்றார். என்னை நேராகப் பார்த்தார்.

“எத்தினை மணிக்குள்ள போகோணும், தம்பி?” என்று கேட்டார்.

“எங்க?” என்றேன்.

என் குரலைக் கேட்டதும் அவர் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு அடி பின்னால் வைத்தார். உள்ளேயிருந்து ஒரு பெண் ஓடி வந்தார். அவர்தான் ஜாபிர் காக்கா, இது அவருடைய தங்கை மர்ழியா என்று பிறகு தெரிந்தது. என் முகத்தைப் பார்த்தார், ஒலிபெருக்கி கேட்ட பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“அது நீங்களா?”

“ஓம்.”

“நிப்பாட்டச் சொல்லுங்க.”

நானாவுக்குப் போன் எடுத்தேன். ஒலிபெருக்கிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. திரும்பவும் எடுத்தேன். பிறகு ஓடினேன். ஒழுங்கைகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. ஒரு பக்கம் ஓடினால் குரல் மறுபக்கம் கேட்டது. நான் என்னையே துரத்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது திருப்பத்தில் ஓட்டோவைக் கண்டு குறுக்கே போய் நின்றேன். நானா நிறுத்தினார். அதற்குப் பிறகு வந்த அமைதியில் காற்று மட்டும் இரைந்தது.

திரும்பி வந்தபோது ஜாபிர் காக்கா கதிரையில் உட்கார்ந்திருந்தார். பை மடியில் இருந்தது. மர்ழியா ராத்தா எங்களுக்கு பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். அவர் குரல் தட்டையாக இருந்தது.

“பாண்காரன் ஒவ்வொரு நாளும் ஸ்பீக்கர் போட்டுக்கொண்டு வாறான். தேர்தலுக்கு எத்தினை பேர் வந்தாங்கள். ஒண்டும் இல்ல. இண்டைக்கு வந்தது யாழ்ப்பாணத்துக் குரல். தொண்ணூறிலயும் ஓட்டோவிலதான் சொல்லிக்கொண்டு போனாங்கள். எல்லாரும் மைதானத்துக்கு வாங்க எண்டு. எனக்குப் பதினாலு வயசு. கூட்டம் முடிஞ்சு வந்து சமைப்பம் எண்டு உம்மா அரிசியை ஊறப் போட்டுட்டு வந்தா.”

மைதானத்தில் கூடியவர்களை இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு பையோடு ஊரைவிட்டுப் போகச் சொன்ன மீதிக் கதையை நான் புத்தகத்தில் படித்திருந்தேன்.

“எனக்குத் தெரியாமப் போச்சு ராத்தா,” என்றேன். என் பேச்சு எனக்கே அந்நியமாகக் கேட்டது.

நிசாம் நானா தலை குனிந்திருந்தார். “முப்பத்தஞ்சு வருசமாப் பக்கத்திலதான் இருக்கம். எனக்கும் புத்தி வரல்லையே. நான் திரும்பப் போய் என்ட வாயால சொல்லிட்டு வாறன்.”

“மைக் வேணாம். நடந்து போங்க,” என்றார் ராத்தா. என்னைக் காட்டி, “இவரும் வரட்டும். குரலுக்கு ஒரு முகம் இருக்கிறது தெரியோணும்.”

வீடு வீடாகப் போனோம். ராத்தா முன்னால், நான் அவருக்குப் பின்னால். ஒவ்வொரு கதவடியிலும் நானே சொல்ல வேண்டியிருந்தது. நாளைக்கு விழா, விரும்பினால் வாங்கோ. இளம் பெண்கள் கதவைத் திறந்து, தங்கள் தாய்மார் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று தெரியாமல் எங்களையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒரு வீடு மட்டும் திறக்கவே இல்லை. நான் சொல்லி முடித்ததும் உள்ளேயிருந்து, கதவுக்கு மிக அருகில், ஒரு ஆண் குரல் சொன்னது: “கேட்டுது. போங்க.” அந்த ஆள் நான் பேசும்போது பலகைக்கு அந்தப் பக்கம் என் முகத்துக்கு நேரே நின்றிருக்க வேண்டும்.

சனிக்கிழமை, பின்னேரம் நாலு. மைதானம் நிறைந்திருந்தது. மேலே பட்டங்களில் கட்டிய விண் நார் கூவிக்கொண்டிருந்தது. களிகம்பு முடிந்தது. அடுத்தது யாழ்ப்பாணத்து றபான் குழு என்று மேடையில் சொன்னார்கள். யாரும் வரவில்லை. இரண்டாம் தரமும் சொன்னார்கள். நான் கேற்றடிக்குப் போனேன்.

அவர்கள் வந்திருந்தார்கள். குடியிருப்பில் பாதிப் பேர் இருக்கும். வீதியின் மறுபக்கம், வேப்ப மர நிழலில், றபான்களோடும் பிள்ளைகளோடும் நின்றார்கள். மூத்தவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை. ஜாபிர் காக்கா கேற்றைப் பார்த்தபடி நின்றார்.

“உள்ள வர ஏலாது தம்பி,” என்றார். “வந்திட்டம். ஆனா உள்ள வர ஏலாது.”

நிசாம் நானாவிடம் போய்ச் சொன்னேன். அவர் மேடைக்கு ஓடி யாரிடமோ ஏதோ சொன்னார். ஒலிவாங்கியில் ஒரு வார்த்தையும் வரவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து தங்கள் கதிரைகளைக் கையில் தூக்கிக்கொண்டு கேற்றை நோக்கி நடந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் உட்கார்ந்தபடியே கதிரைகளைத் திருப்பினார்கள். கேற்றின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து கல் வைத்தார்கள். மேடை வெறுமையாகக் கிடந்தது.

காக்கா பையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு வீதியோரத்தில் அமர்ந்தார். முதல் அடி காற்றில் போய்விட்டது. பிறகு ஆறு றபான்களும் சேர்ந்தன. முப்பது நிமிடம் ஒருவரும் அசையவில்லை. போன பஸ்கூட வேகத்தைக் குறைத்துக்கொண்டு போனது. அவர் பாடிய தமிழ் எங்கள் வீட்டுக் குசினியில் பேசுகிற தமிழ். அதை இந்தக் கரையில், இந்தத் தாளத்தில் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

முடிந்ததும் அவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே போய்விட்டார்கள். காக்கா என்னிடம் விடைபெறவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பாலாவியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது நிசாம் நானாவிடம் அந்தப் பதிவை அழித்துவிடச் சொன்னேன்.

“நான் அழிச்சிட்டன். ஆனா அதுக்கு முந்தி மர்ழியா ராத்தா கேட்டா, அனுப்பிட்டன்.”

“ஏன்?”

“காக்காவுக்குப் போட்டுக் காட்டவாம். பின்னேரத்தில, சத்தத்தக் குறைச்சு, கொஞ்சம் கொஞ்சமா. கேட்டுக் கேட்டுப் பழகோணுமாம். வாற வருசம் மேடையில ஏறோணும் எண்டு அவரே சொன்னாராம்.”

இப்போது நான் யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் இருக்கிறேன். இங்கே ஒலிபெருக்கி கூப்பிட்டால் பிள்ளைகள் வீதிக்கு ஓடுகிறார்கள். நாங்கள் படலையில் நின்று என்னவென்று கேட்கிறோம். பின்னேரம் ஆனதும் என்னையறியாமல் பேச்சை நிறுத்திவிடுகிறேன். களப்போரத்தில் ஒரு வீட்டில், கதவு திறந்திருக்க, என் குரல் அந்த மனிதரை மைதானத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். அவர் கதிரையிலேயே இருக்கிறாரா, எழுந்து செருப்பு மாட்டுகிறாரா என்று எனக்குத் தெரியாது.