‘பிஃபோர்’ படத்தில் இருப்பவர்

என் மகன் எட்டு மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தான். ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர்களின் புகார்களுக்குப் பதில் எழுதும் வேலை பார்த்தவன். ஒருநாள் காலையில் மின்னஞ்சல் வந்தது. மதியத்துக்குள் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். முதல் இரண்டு மாதம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான். அப்புறம் தட்டைத் தன் அறைக்கு எடுத்துப்போனான். அதற்கப்புறம் தட்டுக்காகவும் வெளியே வரவில்லை. என் மனைவி அவன் கதவில் காதை வைத்து நிற்பாள். “மூச்சு சத்தம் கேக்குதுங்க” என்று என்னிடம் வந்து சொல்வாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் ஆபீசுக்குக் கிளம்புவேன்.

அந்தக் கதவைத் திறந்தது துணி. நூறடி ரோட்டில் ஆண்களுக்கான துணிக்கடை ஒன்று புதிதாக வந்தது. ஜோகுபாளையத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம், ஆனால் அந்த மாதிரிக் கடைகளுக்குள் நான் கால் வைத்ததில்லை. அங்கே இவனை ஒரு மாதத்துக்குச் சோதனையாக எடுத்துக்கொண்டார்கள்.

“சேல்ஸ்மேனாடா?” என்று கேட்டேன்.

“இல்லப்பா. ஸ்டைலிஸ்ட். சேல்ஸ்மேன் சட்டையைக் காட்டுவான். நான் ஆளையே மாத்துவேன்.”

அந்த மாதம் முழுவதும் வீட்டில் துணிப் பேச்சுதான். மேலே தொளதொளவென்றால் கீழேயும் தொளதொள, ஆனால் தோள்பட்டைத் தையல் மட்டும் சரியான இடத்தில் உட்கார வேண்டும். மூன்று நிறத்துக்கு மேல் போகக் கூடாது. எட்டு மாதம் வாயே திறக்காதவன், தோசையைப் பிய்த்துக்கொண்டே காலர் எப்படி விரிய வேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் ஒன்றும் புரியாமல் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாதக் கடைசியில் ஒரு பரீட்சை. மாடலாக இல்லாத, நாற்பத்தைந்தைத் தாண்டிய ஒரு சாதாரண ஆளைப் பிடித்து இன்றைய ஃபேஷனுக்கு மாற்றி, அதைச் சின்னப் படமாக எடுக்க வேண்டும். கடையின் இணையப் பக்கத்தில் போடுவார்கள். நாலு பேர் பார்த்தால் வேலை நிரந்தரம்.

“நீ வர்றியாப்பா?” என்றான்.

எட்டு மாதத்தில் என்னிடம் அவன் கேட்ட முதல் விஷயம் அது. என்ன கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

“ஆபீசுக்குப் போற மாதிரி வந்தா போதும்” என்றான். எனக்கு அது போதாது என்று தோன்றியது. படம் எடுக்கிறார்கள், பையனின் வேலை இதில் இருக்கிறது. மச்சான் மகள் கல்யாணத்துக்கு எடுத்த இளமஞ்சள் முழுக்கைச் சட்டையை எடுத்து, தெருமுனை இஸ்திரி வண்டியில் நானே நின்று தேய்த்து வாங்கினேன். ஷூவுக்கு இரண்டு தடவை பாலிஷ். புது பெல்ட். சட்டையை இன் பண்ணி, பையில் பேனா வைத்து, கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பியும் பார்த்துக்கொண்டேன்.

சட்டையை இன் பண்ணுவது எனக்குப் பழக்கமோ அழகோ அல்ல. ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் நான் கிளார்க்காகச் சேர்ந்த முதல் வாரம், சட்டையை வெளியே விட்டுக்கொண்டு போனேன். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர், குடித்து முடித்த டீ கிளாசை என் முகத்தைப் பார்க்காமலே என் பக்கம் நீட்டினார். நானும் வாங்கிக்கொண்டு போய் வைத்தேன். கழுவியும் வைத்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் அப்பா பருத்தி ஆலையில் கூலி. எங்கள் தெருவில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கப் போன இரண்டாவது ஆள் நான். மறுநாளே சட்டையை உள்ளே செருகினேன். அதற்குப் பிறகு யாரும் என்னிடம் கிளாஸ் நீட்டவில்லை. இருபத்தாறு வருஷம், ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனாலும் அப்படித்தான். என்னிடம் இருந்த தைரியத்தை எல்லாம் இடுப்புக்குள்தான் செருகி வைத்திருந்தேன்.

ஞாயிறு காலை கடைக்குப் போனபோது மகன் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு தலையைக் குனிந்து போனைப் பார்க்க ஆரம்பித்தான். கடையை நடத்தும் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். என்னைக் கண்டதும் அவள் கைதட்டினாள்.

“ஓ மை காட், அங்கிள், பர்ஃபெக்ட்! எதையும் மாத்தாதீங்க. பேனா கூட இருக்கட்டும்.”

எனக்கு முகமெல்லாம் சிரிப்பு. என்னை நேராக, பக்கவாட்டில், பின்னால் திருப்பி எடுத்தார்கள். நான் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நின்றேன். முக்கியமான படம் முடிந்துவிட்டது, இனி வேறு துணியிலும் இரண்டு எடுப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

பிறகு உடை மாற்றினார்கள். இடுப்போடு நிற்கும் அரைக்கைச் சட்டை, காய்ந்த இலை நிறம், காலர் திறந்து விரிந்திருக்கும். மடிப்பு வைத்த அகலமான கால்சட்டை, ஷூவின் மேல் சரிந்து விழும். தடித்த வெள்ளை ஷூ. மகன் முட்டி போட்டு என் கால்சட்டையின் விளிம்பைச் சரிசெய்தான். ஒரே தடவையில் சரியாக மடித்தான். எட்டு மாதத்துக்குப் பிறகு அவன் எதையாவது இவ்வளவு நிச்சயமாகச் செய்து நான் பார்த்தது அன்றுதான்.

“கையை பாக்கெட்ல வை ப்பா. தோளை விடு. இன்னாப்பா, ப்ரேயர்ல நிக்கிற மாதிரி நிக்கிற?”

“துணி பாதிதான் அங்கிள், மீதி கான்ஃபிடன்ஸ்” என்றாள் அந்தப் பெண்.

காமெரா ஓடிக்கொண்டிருக்கும்போதே என் கை தானாகப் போய்ச் சட்டையை உள்ளே செருகிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பதினோராவது தடவையோ என்னவோ, சரியாக வந்தது.

செவ்வாய்க்கிழமை ஆபீசில் பக்கத்து மேசைக்காரர் தன் போனை என் முன்னால் நீட்டினார். “சார், ஹீரோ ஆகிபிட்ரி!” என்றார் கன்னடத்தில், ஹீரோ ஆகிவிட்டேனாம். அவர் பின்னால் இன்னும் மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

படத்தில் முதலில் நான் வந்தேன். நிறத்தை எடுத்துவிட்டுச் சாம்பலாக்கியிருந்தார்கள். பின்னால் ஒப்பாரி மாதிரி ஒரு இசை. சட்டைக்குள் தெரியும் பனியனுக்கு ஒரு அம்புக்குறி. பேனாவுக்கு ஒன்று. பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் சேர்த்து ஒன்று. ஒவ்வொரு அம்பும் வந்து குத்தும்போது ஆட்டோ ஹாரன் போல ஒரு சத்தம். மேலே ‘பிஃபோர்’ என்று எழுதியிருந்தது. பிறகு நிறம் வந்தது, பாட்டு மாறியது, அகலக் கால்சட்டையில் ஒருவன் பாக்கெட்டில் கைவிட்டு நடந்து வந்தான். நன்றாகத்தான் இருந்தான். அந்த இரண்டாவது ஆளை எனக்கும் பிடித்தது என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

கீழே யார் யாரோ எழுதியிருந்தார்கள். ‘எல்லா ஆபீசிலும் இப்படி ஒரு அங்கிள்.’ ‘பேனாதான் ஹைலைட்.’ மேசைக்காரர் அதையெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டினார். நல்ல மனிதர். என்னைச் சந்தோஷப்படுத்துவதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மகனைக் கூப்பிட்டேன். அவன் வாசற்படியிலேயே நின்றான். அவனுக்குத் தெரிந்திருந்தது.

“ஆபீசுக்குப் போற மாதிரி வான்னுதானேப்பா சொன்னேன். நீ கல்யாணத்துக்குப் போற மாதிரி வந்த.”

“அப்போ சொல்லியிருக்கலாமே.”

“மேடம்தான் சூப்பர்னு சொல்லிட்டாங்களே. அது இன்னும் பெட்டரா ஒர்க் ஆவும்னாங்க.” கொஞ்சம் நிறுத்தி, “ஆச்சு” என்றான்.

“நான் அப்படியாடா இருக்கேன்?”

“விடுங்க, புள்ளகிட்ட போய்” என்று மனைவி உள்ளிருந்து வந்தாள்.

“இல்ல, சொல்லட்டும்.”

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான். “ஸ்கூல் மீட்டிங்குக்கு மத்த அப்பாங்கல்லாம் டீ-ஷர்ட்ல வருவாங்க. நீ மட்டும் இன் பண்ணிட்டு, பேனா வெச்சிட்டு, வராண்டாவுல நேரா நிப்ப. பசங்க கேப்பானுங்க, உங்கப்பா எந்த பேங்க்லடா அட்டெண்டர்னு.”

அந்தச் சொல்லை அவன் தெரிந்து சொல்லவில்லை. டீ கிளாஸ் கதை அவனுக்குத் தெரியாது. அவன் பள்ளிக்கூடத்துக்கு நான் போகும்போதெல்லாம், டீச்சர்கள் இவனை யாரோ ஒரு ஆபீசரின் பிள்ளை என்று நினைக்கட்டும் என்றுதான் முந்தின நாளே சட்டையைத் தேய்த்து வைப்பேன். அரை நாள் லீவு போட்டு, வீட்டுக்கு வந்து சட்டை மாற்றிக்கொண்டு போன நாட்கள்கூட உண்டு. யாராக எண்ணிவிடக் கூடாது என்று பாடுபட்டேனோ, சரியாக அவனாகவே அந்த வராண்டாவில் நின்றிருக்கிறேன். பன்னிரண்டு வருஷம் என் மகன் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

“நீ என்ன சொன்ன அந்தப் பசங்ககிட்ட?”

“ஒண்ணும் சொல்லல.”

அவன் போனை எடுத்தான்.

“எடுத்துடச் சொல்லட்டாப்பா? இப்பவே மேடத்துக்கு மெசேஜ் போடறேன். வேலை போனா போவுது.”

அவன் கட்டைவிரல் போன் மேல் நின்றது. நான் சொன்னால் நிஜமாகவே போட்டிருப்பான் என்று இன்றும் நம்புகிறேன். போட்டுவிட்டு அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருப்பான். என் மனைவி என்னைப் பார்த்தாள். மறுபடியும் அந்தக் கதவில் காதை வைக்க வேண்டிவருமோ என்ற பயம் அவள் முகத்தில் இருந்தது.

“இருக்கட்டும். நல்லாத்தான் எடுத்திருக்க” என்றேன்.

வேலை கிடைத்துவிட்டது. இது நடந்து நாலு மாதமாகிறது. எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான், நன்றாகத் தூங்குகிறான். எனக்குத்தான் காலையில் சட்டை போடும்போது கை நின்றுவிடுகிறது. இன் பண்ணினால் அம்புக்குறிகள் தெரிகின்றன. வெளியே விட்டால் யாராவது எதையாவது நீட்டுவார்கள் என்று தோன்றுகிறது. ஐம்பத்திரண்டு வயதில், பொத்தான் போட்ட சட்டையோடு கண்ணாடி முன் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறேன். ஆபீசுக்கு லேட்டாகிறது.

போன மாதம் மகன் கூப்பிட்டான். என் இரண்டு படங்களையும் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி டிரையல் ரூம் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்களாம். “வந்து பாருப்பா” என்றான். குரலில் அவ்வளவு ஆசை. அவன் கொடுத்த காய்ந்த இலை நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு சனிக்கிழமை மதியம் போனேன். முதல் படத்து ஆள் என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே.

அந்தப் படத்தின் முன்னால் என் வயதுக்காரர் ஒருவர் நின்றிருந்தார். மகள் கூட்டி வந்திருப்பாள் போலிருக்கிறது, அவள் தள்ளி நின்று போன் பேசிக்கொண்டிருந்தாள். நீலக் கோடு போட்ட முழுக்கைச் சட்டை, நன்றாகத் தேய்த்து, இன் பண்ணியிருந்தார். படத்தைப் பார்த்தார். குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மெதுவாக, முதலில் ஒரு பக்கம், அப்புறம் மறுபக்கம், சட்டையை வெளியே இழுத்தார். உள்ளே இருந்த பகுதி மட்டும் கசங்கிக் கிடந்தது. அதைக் கையால் நீவி நீவிப் பார்த்தார்.

நான் அவரிடம் போய், இழுக்காதீங்க சார், உள்ளேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் என் மகன் ஒரு கால்சட்டையோடு அவரிடம் வந்துவிட்டான்.

“இதைப் போட்டுப் பாருங்க சார்.”

“நமக்கெல்லாம் இது செட் ஆவுமாப்பா?”

“ஏன் சார் ஆகாது? இதோ, போட்டோல இருக்கறவரே நிக்கறாரே. எங்கப்பாதான்.”

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பப் படத்தைப் பார்த்தார். “நெஜமாவா? ரெண்டும் நீங்களா சார்?”

“ஆமாங்க.”

“இப்படிப் போட்டுக்கினா எப்படி சார் இருக்குது? கூச்சமா இல்ல?”

என் மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கடை நடத்தும் பெண் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முதல்ல இருந்தது. இப்போ தைரியமா இருக்கு” என்றேன். பாக்கெட்டில் கையை வைத்துக்கொண்டேன்.

“குடுத்து வெச்சவர் சார் நீங்க” என்று சொல்லிவிட்டு அவர் கால்சட்டையை வாங்கிக்கொண்டு திரைக்குள் போனார். என் மகன் அவருக்குப் பொருத்தமான சட்டை தேடப் போனான்.